எட்டாத விலையில் கிராபிக்ஸ் அட்டை

பிளெண்டர் மென்பொருள் இலவசம். ஆனால் அதில் உருவாக்கும் முப்பரிமாணக் காட்சியை ஒளி, நிழலோடு விரைவாகப் படமாக்கித் தரும் கிராபிக்ஸ் அட்டைதான் கைக்கெட்டாமல் போகிறது. 2020 செப்டெம்பரில் வெளிவந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3090 அட்டையின் அறிமுக விலை 1,499 டொலர். 2025 ஜனவரியில் வந்த 5090 அட்டைக்கு 1,999 டொலர். டொலரில் இது மூன்றிலொரு பங்கு உயர்வு. 2022 நெருக்கடியில் ரூபாய் சரிந்ததால், இலங்கையில் வரிகளுக்கு முன்பே ஏறத்தாழ 2 இலட்சத்து 80 ஆயிரம், 6 இலட்சத்தை நெருங்கிவிட்டது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களும் சில்லுகளுக்கும் நினைவகத்துக்கும் போட்டியிடுகின்றன.

பொழுதுபோக்காக வரைபவருக்கு இவ்வளவு தேவையில்லை. வேகத்தைவிட நினைவகத்தைப் பார்த்து வாங்குங்கள். காட்சி அதற்குள் அடங்காவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடலாம். 2021இல் வந்த 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 பாவித்ததாகக் கிடைத்தாலும் நல்லதே. அட்டையே இல்லாவிட்டால் கணினியின் செயலியும் படமாக்கும். ஓர் இரவு முழுக்க ஓடலாம், மின்கட்டணமும் ஏறும்.