ஒரு பேரும் அரைப் பேரும்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே ஒருவருடைய உழைப்பை இத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டுச் சொல்லும் வழக்கம் மிகக் குறைவு. "இந்த மாசம் எத்தனை பேர்?" என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்பர். இருபத்திரண்டு பேர் என்று விடை வந்தால், அத்தொழிலாளி அம்மாதத்தில் இருபத்திரண்டு நாள் முழுச் சம்பளத்துக்கு உரியவர் என்பது பொருள். பாதி நாள் வேலைக்கு அரைப் பேர். தமிழிலே பேர் என்பது பெயரையும் குறிக்கும். ஆட்களை எண்ணும்போது ஆளையும் குறிக்கும். தோட்டத்தில் அது ஒரு நாட்கூலியின் அளவாகவும் ஆயிற்று. இந்த அளவு எழுதப்பட்ட ஏடே செக்ரோல் எனப்பட்டது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் எண், ஒரு வரி. மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். கட்டத்தில் ஒன்று, அரை, அல்லது வெறுமை.

கோப்பிக் காலத்திலே நிலைமை வேறாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் பெரும்பாலும் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடியத் திரும்பினர். சம்பளம் பல மாதம் நிலுவையில் கிடப்பதும், கிடைத்தாலும் கங்காணி வழியாகவே கைக்கு வருவதும் வழக்கமாயிருந்தன. வழிச்செலவுக்கென்று கொடுத்த முற்பணத்தைக் கங்காணி கழித்துக்கொள்வார், மிஞ்சியதே உழைத்தவனுக்கு. 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையை வர்த்தக முறையில் பயிரிடத் தொடங்கியிருந்தார். தேயிலைக்குப் பருவம் இல்லை. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஆகவே தொழிலாளரும் ஆண்டு முழுவதும் லயங்களிலே தங்கினர். நாள்தோறும் கணக்கு வைப்பது இன்றியமையாததாயிற்று.

விடியற்காலையில் தப்பு முழங்கும். ஆட்கள் பெரட்டுக் களத்தில் கூடுவர். அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே தோட்டத்து நாவில் பெரட்டு என்றாயிற்று என்பர். அங்கே ஆட்கள் எண்ணப்பட்டு, மலைகளுக்குப் பிரித்து அனுப்பப்படுவர். பிந்தி வந்தவர் திருப்பி அனுப்பப்படலாம். அப்படியாயின் அன்று பேர் இல்லை. கொழுந்து எடுப்போர் கொண்டுவந்த நிறை குறிக்கப்படும். அன்று றாத்தற் கணக்கு, பின்னாளில் கிலோ. குறித்த நிறை வராவிட்டால், நாள் முழுவதும் மலையில் நின்றவருக்கும் அரைப் பேரே விழக்கூடும். நேரத்தை அளப்பதா, கொழுந்தை அளப்பதா என்ற பிணக்கு இவ்வாறு அந்த ஏட்டின் கட்டத்துக்குள்ளேயே புகுந்தது. கணக்கப்பிள்ளை மலையில் குறித்ததைத் தோட்டக் கந்தோரிலே பெரிய ஏட்டுக்கு மாற்றி எழுதுவர். எழுதுபவர் ஒருவர், உழைப்பவர் வேறொருவர். எழுதியதை உழைத்தவர் பெரும்பாலும் வாசிக்க அறியார்.

பேர் விழுவதில் பெரிய கங்காணிக்கும் ஊதியம் இருந்தது. தம் கூட்டத்தில் வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்குச் சிறு தொகை அவருக்குக் கிடைத்தது. அதனைப் பென்ஸ் காசு என்றனர். காய்ச்சலில் கிடந்தவனையும் பெரட்டுக்கு இழுத்து வந்த கங்காணிமாரின் கடுமைக்கு இக்காசும் ஒரு காரணம் என்று கருதுவது தவறாகாது. கடன் தீர்ந்தாலன்றித் தொழிலாளி வேறு தோட்டம் செல்ல முடியாதபடி தடுத்த துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அடுத்த மாற்றம் 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம். இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச வேதனம் வகுக்க வழிசெய்த இச்சட்டம், வேலைநாள் ஒன்று மதிய உணவு வேளை உட்பட ஒன்பது மணி நேரம் என்றும் வரையறுத்தது. 1929இன் தொடக்கத்திலே விகிதங்கள் நடைமுறைக்கு வந்தன. மலைநாட்டின் உயர்பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். உணவுக்குரிய ஒரு மணியை நீக்கி எட்டால் வகுத்துப் பார்த்தால், ஆணின் ஒரு மணி உழைப்பு ஏழு சதத்துக்கும் குறைவு; பெண்ணின் உழைப்பு ஐந்து சதத்துக்குச் சற்று மேல். முப்பதுகளின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வரவே, இந்தத் தொகையும் குறைக்கப்பட்டது. சட்டத்தில் மணிக்கூடு புகுந்தது உண்மை. ஏட்டிலோ பழைய பேரே நின்றது.

இதனால் அதிகம் இழந்தவர் பெண்களே. கவ்வாத்து வெட்டும் ஆண், குறித்த தொகைச் செடியை முடித்தால் பிற்பகல் தொடக்கத்திலேயே முழுப் பேருடன் லயத்துக்குத் திரும்பலாம். கொழுந்தெடுக்கும் பெண் மாலை நிறுவைவரை மலையில் நிற்பாள். அவளுக்கும் ஒரு பேரே. ஆனால் அவள் பேரின் விலை ஆணின் பேரைவிடக் குறைவு. இரு பேரும் ஒரே விலையாவதற்கு 1984ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தொழிற்சாலைக்குள் மட்டும் மணிக்கணக்கைத் தவிர்க்க முடியவில்லை. மாலையில் வந்த கொழுந்து இரவு முழுவதும் வாட்டப்படும். சூரியன் வருமுன் அரைக்கும் பொறிகள் சுழலும். இரவு பத்து மணிக்கு ஏறியவர் காலை ஏழு மணிக்கு இறங்கினால், நள்ளிரவுக்கு முன் இரண்டு, பின் ஏழு, ஆக ஒன்பது. உணவு வேளை போக எட்டு. அதற்கு மேற்பட்டது மேலதிக நேரம். கூட்டல் எளிதே. ஆனால் அந்த இரவு இரண்டு தேதிகளில் கிடக்கிறது; ஏட்டிலோ ஒரு தேதிக்கு ஒரு கட்டந்தான். கணக்கர் கவனமற்றவராயின், நள்ளிரவுக்குப் பிந்திய உழைப்பு இரு கட்டங்களுக்கும் இடையே நழுவிப் போகலாம்.

சம்பளத்துக்கென எழுதிய இந்த ஏடு பின்னர் எதிர்பாராத இடத்தில் தேவைப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விண்ணப்பித்தோர், 1946 சனவரி முதலாம் திகதிக்கு முன்பாக இந்நாட்டில் இடையறாது வாழ்ந்ததை நிறுவ வேண்டியிருந்தது. மணமானவர்க்கு ஏழாண்டு, மற்றவர்க்குப் பத்தாண்டு. அப்போது செக்ரோல் பதிவுகளும் சான்றாகத் தேடப்பட்டன. ஒரு தோட்டத்தில் முத்தம்மா என்றும் அடுத்ததில் முத்தாயி என்றும் எழுதப்பட்டவள், இருவரும் தானே என்று எவ்வாறு காட்டுவாள்? ஊருக்குப் போன மாதங்களின் வெறுங் கட்டங்கள் அதிகாரிக்கு என்ன சொல்லியிருக்கும்? அரைக் கூலியை இழக்கச் செய்த அலட்சிய எழுத்து, இங்கே நாட்டையே இழக்கச் செய்ய வல்லதாயிற்று.

2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நாட்சம்பளம் வரவுசெலவுத் திட்ட நிவாரணப்படி உட்பட ஆயிரம் ரூபா என வர்த்தமானியில் வெளியானது. சில தோட்டங்களில் அதன்பின் எழுந்த முறைப்பாடு தொகையைப் பற்றியதன்று: ஒரு பேருக்கு எடுக்க வேண்டிய கிலோ கூட்டப்பட்டது, அது எட்டாத நாட்களில் அரைப் பேரே விழுந்தது என்பதாகும்.