காயத்திலிருந்து வடுவுக்கு: கதைகளில் அடிபட்ட உடலின் வரலாறு



நாம் இன்று நினைவுகூரும் தோழர், அடிபட்டவர்களை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய், மனு எழுதிக் கொடுத்து, காயச் சான்றிதழ் கைக்கு வரும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர். முதுகலை சமூகவியல் படித்த நாட்களில் நானும் சிலமுறை அவரோடு போயிருக்கிறேன். ஒருமுறை ஒரு நடவுக்காரப் பாட்டி வந்தார். நிலக்காரர் வீட்டு மோட்டார் தண்ணீரில் வாய் வைத்துக் குடித்தார் என்று தடியால் அடித்திருந்தார்கள். வலது கையில் எலும்பு முறிவு. அந்தச் சம்பவத்தை வைத்து ஒரு கதை எழுதினேன். அதில் ரத்தம் வாய்க்கால் தண்ணீரில் கலந்து ஓடியது. கதையும் அங்கேயே முடிந்தது. தோழர் அதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “ரத்தமே வரலியே தம்பி. கை வீங்கித்தான கெடந்துச்சு. நடவுக்குப் போவ முடியாம நான் பட்டத எங்க எழுதியிருக்க?”

அந்தக் கேள்வியோடுதான் இன்றைக்கு உங்கள் முன் நிற்கிறேன். கதையில் பதற்றம் கூட்ட எழுத்தாளர்கள் எடுத்துக்கொள்ளும் சுலபமான வழி உடல் காயம். ஒருவர் அடிபட்டதும் வாசகர் நிமிர்ந்து உட்காருகிறார். ஆனால் அடிபடுவது யார் உடல், அதைப் பார்த்துப் பதறுவது யார், காயம் ஆறுவதற்குள் கதை முடிந்துவிடுகிறதா என்பவை வரலாறு சார்ந்த கேள்விகள்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் காயத்தைச் சாதாரணக் காயம், கொடுங்காயம் என்று பிரித்தது. 320ஆம் பிரிவு எட்டு வகைக் கொடுங்காயங்களைப் பட்டியலிட்டது: கண்பார்வை போவது, காது கேளாமல் போவது, எலும்போ பல்லோ முறிவது என்று அது நீளும். எட்டாவது வகையில், 20 நாட்கள் கடும் வலியில் கிடந்தாலோ, வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா இதை 15 நாட்களாகக் குறைத்திருக்கிறது. ரத்தம் வந்ததா என்று சட்டம் கேட்கவில்லை. எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்று கேட்கிறது. காலனிய அரசு எழுதிய சட்டத்துக்குத் தெரிந்த இந்தக் கணக்கு என் கதைக்குத் தெரியவில்லை.

இனி இலக்கியத்துக்கு வருவோம். 1935இல் வெளிவந்த முல்க் ராஜ் ஆனந்தின் ‘அன்டச்சபிள்’ நாவல், பாக்கா என்ற துப்புரவுத் தொழிலாளி இளைஞனின் ஒரே ஒரு நாளைச் சொல்கிறது. கடைத்தெருவில் தெரியாமல் ஒரு சாதி இந்து மீது பட்டுவிட்டதற்காக அவன் கன்னத்தில் அறை விழுகிறது. கையிலிருந்த ஜிலேபி மண்ணில் சிதறுகிறது. நாவலின் பதற்றம் அங்கிருந்துதான் ஏறுகிறது. ஆனால் அதே நாவலில் வரும் இன்னொரு காயம் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ஹாக்கி விளையாட்டில் தகராறாகிக் கல்லெறி நடக்கிறது. ஆதிக்கச் சாதிச் சிறுவன் ஒருவனுக்கு அடிபட்டு ரத்தம் கொட்டுகிறது. பாக்கா அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறான். பிள்ளையைத் தீட்டாக்கிவிட்டாய் என்று தாய் அவனையே ஏசுகிறாள். ரத்தம் வழியும் மகனைப் பார்த்த கணத்திலும் அந்தத் தாய்க்குத் தீட்டு மறக்கவில்லை. விழுந்த அறையைவிட இந்த இடம் சாதியைக் கூடுதலாகச் சொல்கிறது.

ஆனந்த் பரிவோடுதான் எழுதினார். இருந்தாலும் அவர் பாக்காவை வெளியிலிருந்து பார்த்தவர். 1963இல் மராத்தியில் பாபுராவ் பாகுலின் சிறுகதைத் தொகுப்பு வந்தபோது பார்வை உள்ளிருந்து வந்தது. சாதியை மறைத்து வாடகைக்குக் குடியிருக்கும் ரயில்வே ஊழியன் ஒருவன் அதன் தலைப்புக் கதையில் வருகிறான். அடி கடைசியில்தான் விழுகிறது. அதற்கு முன்னால் கதை முழுக்க, எந்த நிமிடம் பிடிபடுவோமோ என்ற பயம் அவனோடு வாழ்கிறது. சாதியை மறைத்து நகரத்தில் வாடகை வீடு தேடியவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். நம்மில் அப்படிப் பலர் இருக்கிறோம்.

தமிழில் 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட சேரியில், ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இந்த நிகழ்வை வைத்து இந்திரா பார்த்தசாரதி 1975இல் ‘குருதிப்புனல்’ எழுதினார். 1977இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பண்ணையாரின் ஆண்மைக் குறைவை அந்த நாவல் கொடுமையின் மூலகாரணம்போல் ஆக்கிவிட்டது என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. நானும் அதை ஏற்கிறேன். எரிந்த 44 உடல்கள் ஒரு மனிதனின் மனச்சிக்கலுக்குப் பின்னணியாகிவிட்டால், கூலியும் நிலமும் சாதியும் கதைக்கு வெளியே போய்விடும். வாசகருக்குப் பதற்றம் கிடைக்கும், காரணம் கிடைக்காது.

1982இல் வந்த பூமணியின் ‘வெக்கை’ வேறு வழியைக் காட்டியது. 15 வயதுச் சிதம்பரம், அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்ட நினைத்து அரிவாளை வீசுகிறான். ஆள் செத்துவிடுகிறான். மற்ற எழுத்தாளர் உச்சத்துக்கு வைத்திருக்கும் காயத்தைப் பூமணி முதல் பக்கத்திலேயே முடித்துவிடுகிறார். பிறகு எட்டு நாட்கள் தகப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் மறைந்து திரிவதுதான் நாவல். எங்கே தண்ணீர், எதைச் சமைப்பது, வீட்டில் இருப்பவர்கள் என்ன ஆனார்கள் என்பதில் பதற்றம் வளர்கிறது. பூமணி ‘தலித் எழுத்தாளர்’ என்ற அடையாளத்தை ஏற்காதவர். அந்த விவாதம் தனியே இருக்கட்டும். காயத்துக்குப் பிந்தைய நாட்களை எழுதுவது எப்படி என்பதை நாம் அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ இன்னும் சங்கடமான இடத்தைத் தொட்டது. பரஞ்சோதி உடையார் வீட்டு ஆட்களிடம் அடிபட்ட தங்கம், நியாயம் கேட்டுச் சேரித் தலைவர் காத்தமுத்துவிடம் வருகிறாள். அவர் மனு எழுதுகிறார். அதில் காரணம் மாறுகிறது: ஊர்த்தெரு வழியாக நடந்ததற்காக அடித்தார்கள் என்று. உடையார் அவள் உடலைப் பயன்படுத்திக்கொண்ட கதை மனுவிலிருந்து நழுவுகிறது. காயம் உண்மை, அதற்கு எழுதிய காரணம் பொய். பின்னர் அதே காத்தமுத்துவின் பிடியிலும் தங்கம் சிக்குகிறாள். நம் இயக்கத்து ஆண்கள் பலருக்கு இந்த நாவல் கசந்தது. மனு எழுதிப் பழகிய நானும் அதைப் படித்துக் கூசியிருக்கிறேன். காவல் நிலையத்தில் எடுபடுகிற காரணத்தை மட்டும் எழுதிவிட்டு, அந்தப் பெண் சொல்ல வந்ததை எத்தனை முறை விட்டிருக்கிறோம்?

1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது. கருக்கு என்பது பனைமட்டையின் இருபுறமும் உள்ள ரம்பப்பல். விறகுக்கு மட்டை பொறுக்கும் கையைக் கிழிப்பது. யாரும் அடிக்காமலே, அன்றாட வேலையில் படும் கீறல் ஒரு நூலின் பெயரானது. சுடுகாட்டுத் தகராறில் போலீஸ் புகுந்து அடித்ததையும் பாமா எழுதுகிறார். ஆனால் படித்தவர் மனதில் தங்குவது, தலைமறைவாக இருந்த ஒரு தகப்பன் சேலை கட்டி வந்து தன் பிள்ளையின் சாவில் கலந்துகொள்ளும் இடம். லத்தி படாத அந்த உடலில் எவ்வளவு பயம்! 2005இல் கே. ஏ. குணசேகரன் தன் வரலாற்றுக்கு ‘வடு’ என்றே பெயர் வைத்தார். காயம் ஒரு நாளைய செய்தி. வடுவோடு ஒருவர் காலம் முழுக்க வாழ வேண்டும்.

எழுத வரும் மாணவ நண்பர்களுக்கு இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? இன்று கைப்பேசியில் வாரம் ஒரு காணொளி வருகிறது. யாரையோ கட்டிவைத்து அடிக்கிறார்கள். பார்க்கிறோம், பகிர்கிறோம், அடுத்ததற்குப் போகிறோம். நம் கதைகளும் அந்தப் பழக்கத்துக்குத் தீனி போட்டால், அடிபடுவதற்கென்றே பிறந்தவை நம் உடல்கள் என்ற எண்ணத்தை நாமே வளர்த்தவர்களாவோம். அடியை எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மறைத்தால் அது அடித்தவனுக்கு உதவி. அடியை எழுதும்போது மறுநாள் காலையையும் எழுதுங்கள். பஸ் செலவுக்குக் கடன் கொடுத்தது யார்? எத்தனை நாள் கூலி போனது? சமாதானம் பேச வந்தவர் என்ன சொன்னார்? வாய்தாவுக்கு எத்தனை முறை அலைந்தார்கள்? பதற்றம் வேண்டுமென்றால் இவற்றுக்குள்ளேயே வேண்டிய மட்டும் இருக்கிறது.

பாட்டியின் கை கோணலாகத்தான் கூடியது. அதற்குப் பிறகு அவரை யாரும் நடவுக்குக் கூப்பிடவில்லை. ஆடு மேய்த்தார். வழக்கு முடிவதற்குள் இறந்துபோனார். தோழர் கடைசிவரை அந்தக் கதையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். “திருத்தி எழுதிட்டியாப்பா?” என்பார். இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த முறை மாவுக்கட்டு பிரித்த நாளிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

ஜெய் பீம்.