1931: ஒரு புத்தகமும் ஒரு வண்டியும்

1931ஆம் ஆண்டில் பழைய தஞ்சை மாவட்டத்துக்காரர்கள் இருவர் நூலகத் தொழிலுக்கு ஆளுக்கொரு கொடை தந்தார்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' சென்னை நூலகச் சங்க வெளியீடாக வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளையின் மாட்டு வண்டி நூலகம் புறப்பட்டது. கூத்தாநல்லூரில் புத்தகங்களோடு காலம் கழிக்கும் எனக்கு இரண்டுமே பக்கத்து வீட்டுச் சங்கதி. வேலையைச் செய்தால் போதுமா, அதை எழுதவும் வேண்டுமா என்று எந்த நூலகருக்கும் ஒருநாள் தோன்றும். அப்போதெல்லாம் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பேன்.

ரங்கநாதன் விரும்பி வந்த நூலகர் அல்லர். மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சில நாளிலேயே, ஆளரவமற்ற அந்த இடத்தில் உட்கார முடியவில்லை, வகுப்புக்கே திரும்புகிறேன் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். முதலில் இங்கிலாந்து போய்ப் படித்து வாருங்கள், பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அங்கே போய் குராய்டன் பொது நூலகத்தைப் பார்த்தவர் வேறு மனிதராகத் திரும்பினார்.

திரும்பி வந்தபின் மூன்று ஆண்டுகள் வேலை, வேலை, வேலை. சின்னச் சின்ன நடைமுறைகள் மனத்தில் குவிந்தன. அவற்றை இணைக்கும் அடிப்படை மட்டும் பிடிபடவில்லை. 1928இல் ஒரு மாலை, அவருடைய பழைய கணித ஆசிரியர் எட்வர்டு ராஸ் அறைக்கு வந்தார். மாணவர் புலம்பியதைக் கேட்டுவிட்டு, புத்தகம் பயன்படுவதற்கே என்பதுதானே உன் முதல் விதி என்று சொல்லிப் போனார். மற்ற நான்கும் அதன் பின்னாலேயே வந்தன: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தைக் காப்பது, நூலகம் வளரும் உயிர். அந்த டிசம்பரில் சிதம்பரத்தில் நடந்த கல்வி மாநாட்டில் இவற்றைப் பேசினார். புத்தகமாக எழுதும்போது விதிகளையே பாத்திரங்களாக்கி, நாடகம் போல வாதாட விட்டார். அலுவலக அறிக்கை நடையில் எழுதியிருந்தால் இன்று அதைத் தேர்வுக்கு மட்டும்தான் படித்திருப்பார்கள்.

வண்டிக்கு அப்படி ஒரு நூல் வாய்க்கவில்லை. நூலக வரலாறுகள் அதற்கு ஒதுக்குவது ஓரிரு வரி. ஆனால் அது செய்தது சின்ன வேலையல்ல. அக்டோபர் என்றால் டெல்டாவில் சம்பா நடவும் ஐப்பசி மழையும் சேர்ந்து வரும் காலம். வரப்பும் வாய்க்காலும் சேறும் குறுக்கிடும் ஊர்களுக்குப் போகத் தோதானது மாட்டு வண்டிதான். அன்றைய இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. அப்படிப்பட்ட நாட்டில், வாசகர் வரட்டும் என்று நூலகம் காத்திருந்தால் கடைசிவரை காத்திருக்க வேண்டியதுதான். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்ற மூன்றாம் விதியை நான் புத்தகத்தில் படித்தேன். அதன் பொருள் மேலவாசல் வண்டியை நினைத்தபோதுதான் உறைத்தது. இரண்டில் எது பெரிது என்று கேட்டால், வாசகருக்குச் செய்ததில் வண்டி, தொழிலுக்குச் செய்ததில் புத்தகம் என்பேன். புத்தகம் உலகமெங்கும் நூலகவியல் வகுப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தது. வண்டி தன் கதையோடு மன்னார்குடி வட்டாரத்திலேயே நின்றுவிட்டது.

வேலை, எழுத்து இரண்டையும் ஒருவரே செய்ய முடியும் என்பதற்கு அமெரிக்காவின் மேரி டிட்காம் சான்று. மேரிலாந்தில் ஹேகர்ஸ்டவுன் நூலகராக இருந்த அவர் 1905இல் குதிரை வண்டியில் புத்தகங்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். அனுப்பியதோடு நிற்காமல் எழுதியும் வைத்தார். வண்டிக்குக் கறுப்புச் சாயம் பூசக் கூடாது, பிணவண்டி என்று குடியானவர்கள் நினைத்துவிடுவார்கள் என்பதுகூட அவர் குறிப்பில் உண்டு. 1910இல் தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயில் மோதி அந்த வண்டி நொறுங்கியது. ஆனாலும் இன்று அப்படி ஒன்றைக் கட்ட நினைப்பவருக்கு அவர் எழுத்து வழிகாட்டும். நம் வண்டிக்கு என்ன நிறம் பூசியிருந்தார்கள்? மாடுகளை யார் ஓட்டினார்கள்? எந்தத் திண்ணையில் புத்தகத்தை இறக்கினார்கள்? இதையெல்லாம் அன்று யாரேனும் ஒரு நோட்டில் குறித்திருந்தால், அதுவும் ஒரு பாடநூலாகியிருக்கும்.

நூலகப் பதிவேட்டில் என்ன புத்தகம் போனது, எப்போது திரும்பியது என்பது ஏறும். சபர் (வெளிநாட்டு வேலை) முடிந்து ஊர் திரும்பிய பெரியவர் எதைத் தேடி வந்தார், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பெண் ஏன் மதியத்தில் மட்டும் வருகிறாள் என்பதற்கு அதில் இடமில்லை. அதை நூலகர்தான் தனியாக எழுத வேண்டும். ரங்கநாதனைப் போல விதி காண வேண்டியதில்லை. நாளுக்கு நாலு வரி, வாசகர் பெயர் இல்லாமல், போதும். வேலைப் பளுவில் எழுத நேரமேது என்று சக நூலகர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், பல கிளை நூலகங்களில் பூட்டைத் திறப்பது முதல் பூட்டுவது வரை ஒரே ஆள். இருந்தும், அப்படித் தனியாக வேலை செய்பவர் மாறிப்போனால் அவர் கற்றதும் கூடவே போய்விடுகிறது. வருகிறவர் முதலிலிருந்து தொடங்குகிறார்.

மேலவாசல், மன்னார்குடிப் பக்கத்து வீடுகளில் அந்த வண்டியைப் பற்றித் தாத்தா பாட்டி சொன்ன பேச்சு இன்னும் மிச்சமிருக்கலாம். ஒரு வரியானாலும் பரவாயில்லை, உங்கள் ஊர் நூலகரிடம் சொல்லுங்கள், அவர் எழுதிக்கொள்ளட்டும்.