உறைமோரும் ஒரு பெயரும்

பெயரிடுதல் மனிதனின் பழைய பழக்கங்களுள் ஒன்று. குழந்தைக்குப் பெயரிடுகிறான், ஊருக்கும் ஆற்றுக்கும் பெயரிடுகிறான், தொழுவத்துக் காளைக்கும் கன்றுக்கும் பெயரிடுகிறான். தான் பேணிக் காக்க வேண்டும் என்று கருதும் எதனையும் அவன் பெயரின்றி விடுவதில்லை. ஆயினும், ஒரு கிண்ணம் புளித்த மாவுக்குப் பெயரிடுவார் உண்டா என்று கேட்டிருந்தால் நம் பாட்டிமார் வாய்விட்டு நகைத்திருப்பர். அத்தகைய வழக்கம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது.

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்று உலகை வீட்டுக்குள் அடைத்தது. மலேசியாவிலும் அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பல நாடுகளில் ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் கடைகளில் கிடைக்காமற் போயிற்று. மக்கள் பழைய முறைக்குத் திரும்பினர். மாவையும் நீரையும் கலந்து கண்ணாடிக் குப்பியில் இட்டுத் தாமே புளிக்கவைத்தனர். நாள்தோறும் புதுமாவு ஊட்டி வளர்த்த அந்தப் புளித்த மாவுக்கு வேடிக்கையாகப் பெயரும் சூட்டினர். நடிகர் பிராட் பிட்டை ‘பிரெட் பிட்’ ஆக்கினர். கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் பெயரில் ஆங்கிலேயர் ஓர் எழுத்தைக் கூட்டிச் சிரித்தனர். தமிழில் எழுதினாலோ அதற்கும் வேலையில்லை, பெயரிலேயே ஈஸ்ட் இருக்கிறது!

இது வெறும் விளையாட்டுத்தானா? இதன் பின்னே ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் தமிழர்க்கும் பங்கு உண்டு.

பெயர் பெற்ற மாவுகள்

மாவும் நீரும் கலந்து சில நாள் வைத்தால், மாவிலேயே தங்கியுள்ள நுண்ணுயிர்கள் பெருகத் தொடங்குகின்றன. அவற்றுள் நொதியங்கள் கரியமில வாயுவை வெளியிட்டு மாவைப் பொங்கவைக்கின்றன; வேறு சில உயிர்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கிப் புளிப்பைத் தருகின்றன. வேளை தவறாமல் ஊட்டினால் அம்மாவு ஆண்டுக்கணக்கில் வாழும்; மறந்துவிட்டால் மடியும். உண்பதும் வளர்வதும் இறப்பதும் உடையதனை உயிர் என்றே மனம் கொள்கிறது. உயிர் என்று கொண்டபின் பெயர் வருவது இயல்பே.

இத்தாலியரும் ஸ்பானியரும் அதனைத் தாய்மாவு என்றனர். பிரெஞ்சு ரொட்டிக் கலைஞர்கள் அதற்குத் தலைவன் என்று பொருள்படும் சொல்லை வழங்கினர். ஜெர்மனியில் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘ஹெர்மன்’ என்னும் ஆண்பெயர் பூண்ட இனிப்பு மாவொன்று நண்பர் கைமாறி வீடுதோறும் சென்றது. இவற்றுக்கு எதிராக, மாவின் பெயரை மனிதன் ஏற்ற கதையும் உண்டு. 1896இல் கிளாண்டைக் ஆற்றுப் பகுதியில் தங்கம் கண்டெடுக்கப்பட்டபின், பனிபடர்ந்த வடதிசை நோக்கி ஓடியவர்கள் புளித்த மாவையும் உடன்கொண்டு சென்றனர். அங்குக் குளிர்காலத்தைக் கடந்து நிலைத்த பழையவர்களுக்குப் ‘புளித்த மாவு’ என்பதே பட்டப்பெயராயிற்று. 1971இல் சான் பிரான்சிஸ்கோ ரொட்டியின் புளிப்புக்குக் காரணமான நுண்ணுயிரை அமெரிக்க ஆய்வாளர் விளக்கி எழுதியபோது, அந்நகரின் பெயரையே அதற்கு இட்டனர். அதே உயிர் ஐரோப்பிய மாவுகளிலும் வாழ்வது பின்னர்த் தெரியவந்தது. பெயர் ஓரூர்க்கு உரியதாயிற்று. உயிரோ ஊர் கடந்து நின்றது.

அமெரிக்கரான கார்ல் கிரிஃபித், தம் முன்னோர் 1847இல் ஓரிகன் நெடுவழியில் கொண்டுவந்ததாகச் சொல்லப்பட்ட புளித்த மாவைக் கேட்டவர்க்கெல்லாம் விலையின்றி அனுப்பிவந்தார். 2000ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின்னும் அவருடைய நண்பர்கள் அத்தொண்டைத் தொடர்ந்தனர். மாவும் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. பெல்ஜிய நாட்டின் சாங்க்ட் வித் நகரிலோ, 2013இல் புளித்த மாவுகளுக்கென ஒரு காப்பகமே தொடங்கப்பட்டது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் திரட்டப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட மாவுகள் அங்கே குளிரறையில் எண்ணிட்டு அடுக்கப்பட்டுள்ளன. வீட்டில் பெயர் பெறுவது காப்பகத்தில் எண் பெறுகிறது.

தமிழில் உறையும் பிரையும்

தமிழர் இக்கலைக்குப் புதியவர் அல்லர். காய்ச்சிய பாலைத் தயிராக்க இடும் சிறிது மோருக்கு உறை என்றும் பிரை என்றும் இரு அழகிய சொற்கள் நம்மிடம் உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், விடியலில் தயிர் கடையும் ஆய்மகளைப் பாடும் இடத்தில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உறை என்னும் சொல்லை ஆள்கிறார். கம்பனோ பிரையைக் காதலுக்கே உவமையாக்கினான். மிதிலையில் இராமனைக் கண்ட சீதையின் உள்ளத்தில் புகுந்த காதல், பாலில் இட்ட பிரைபோல் எங்கும் பரவியது என்பது அவன் கண்ட காட்சி. ஒரு துளி குடப்பாலின் தன்மையையே மாற்றிவிடும் வியப்பை இதனினும் நயமாகச் சொல்ல இயலாது.

உறைதல் என்னும் சொல்லுக்குத் திரண்டு கெட்டியாதல் என்றும் பொருள். ஓரிடத்தில் தங்கி வாழ்தல் என்றும் பொருள். பாலில் மோர் உறைவதையும் வீட்டில் மனிதர் உறைவதையும் ஒரே சொல்லால் குறித்தது தமிழ். இட்டிலி மாவும் இவ்வாறே. பழைய மாவில் ஒரு கரண்டியைப் புதுமாவில் கலந்து பொங்கவைப்பது தாய்மார் அறிந்த வழக்கம். கிறித்தவத் திருமறையைத் தமிழில் தந்தோரும் இதற்கெனப் புதுச்சொல் தேடி அலையவில்லை; ‘புளித்த மா’ என்றே எழுதினர்.

இத்துணைச் சொல்வளம் இருந்தும், தமிழன் தன் வீட்டு உறைமோருக்கு இடுபெயர் ஒன்று சூட்டியதில்லை. காளைக்குப் பெயர் சூட்டியவன் இதனை ஏன் விட்டான்? அன்பு குறைந்ததனாலா? இக்கேள்விக்கு விடை காணத் தானா ராத்தாவுக்குச் செல்வது தகும். குளிர்மலையில் உறை என்பது எளிதில் வாய்ப்பதன்று. அருமை தோன்றும் இடத்தில்தான் ஒரு பொருளின் இயல்பும் விளங்கும்.

குளிர்மலையில் ஒரு துளி மோர்

பகாங்கு மாநிலத்தில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் தானா ராத்தா. மலாய்மொழியில் இதற்குச் சமநிலம் என்று பொருள். 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு சொன்ன மேட்டுநிலம் இன்று அவர் பெயரால் கேமரன் மலை எனப்படுகிறது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மேலேறும் சாலையும் அதனையொட்டிய ஆண்டுகளில் நிறைவுற்றது. காட்டை அழித்துத் தேயிலை நட்ட கைகளுள் தமிழர் கைகள் பெரும்பங்கு வகித்தன.

மலைக்கு வந்த தமிழ்ப் பெண்ணுக்குக் குளிரே முதற் பகை. சமவெளியில் ஓரிரவில் பொங்கும் மாவு, சராசரி வெப்பம் 18 பாகையளவே உள்ள இம்மலையில் விடிந்தபின்னும் உறங்கிக் கிடக்கும். பால் உறையாது, கூழ் புளிக்காது. எனவே பாத்திரத்தை அடுப்பங்கரையில் கதகதப்பாக வைத்தும், துணியால் பொதிந்தும் காத்தல் வேண்டும். கைக்குழந்தையைக் குளிரினின்று காப்பதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே.

இங்கே ஒரு சொல் விந்தையும் உண்டு. தேயிலை ஆலையில், உருட்டிய பச்சைக் கொழுந்தைப் பரப்பிச் செந்நிறமாக்கும் படியை நொதிக்கவைத்தல் என்றே நெடுங்காலம் வழங்கினர். உண்மையில் அங்கு நொதித்தல் நிகழ்வதில்லை. கொழுந்தின் சாறு காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடி நிறமும் மணமும் மாறுகிறது, அவ்வளவே. ஆலையில் பெயர் இருந்தது, நொதித்தல் இல்லை. லயத்து வீட்டில் நொதித்தல் இருந்தது, பெயர் இல்லை. மற்றொன்று: மலாய்மொழியில் ராகி என்பது தாப்பாய் செய்ய உதவும் நொதிப்பொருளின் பெயர். தமிழர்க்கோ ராகி என்பது கூழுக்கான கேழ்வரகு. ஒரே ஒலி ஒருவர்க்குப் புளிக்கவைப்பது, மற்றவர்க்குப் புளிப்பது!

இனி முன்னைய கேள்விக்கு வருவோம். லயம் என்பது சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டு வரிசை. ஒரு வீட்டில் உறை கெட்டால் அடுத்த வீட்டிற்குக் கிண்ணம் செல்லும். “கொஞ்சம் உறைமோர் இருந்தால் கொடுங்க அக்கா” என்ற குரலும் உடன் செல்லும். விளக்கு வைத்தபின் மோரும் தயிரும் கொடுக்கலாகாது என்னும் பழைய நம்பிக்கை உண்டு. ஆகவே பொழுது சாயுமுன் செல்லவேண்டும். இன்று வாங்கியவள் நாளை கொடுப்பவள் ஆவாள். பல முறை கைமாறியபின் அந்த மோர் எவர் வீட்டுக்கு உரியது என்று யாரால் சொல்ல முடியும்? தனி உடைமைக்குத்தான் தனிப்பெயர் வேண்டும். எல்லார் வீட்டிலும் ஓடுவதற்கு ஆற்றுநீர்போல் பொதுப்பெயரே போதும். தமிழன் உறைக்குப் பெயரிடாமைக்குக் காரணம் அன்பின்மை அன்று. அது தொலைந்துபோகும் என்னும் அச்சம் இல்லாமையே.

இழப்பும் பெயரும்

அந்த அச்சம் இப்போது வந்திருக்கிறது. தோட்டங்களை விட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். அடுக்குமாடியில் அடுத்த கதவைத் தட்டத் தயக்கம் பிறந்தது. தயிர் குவளையிலும் மாவு பையிலும் கடைக்கு வந்தன. உறைமோர் கேட்டு வரும் கிண்ணம் நின்றது. கிண்ணம் நின்றதும் அச்சொல்லும் நாவினின்று நழுவுகிறது. பிரை என்றால் என்னவென்று கேட்கும் இளைஞர்க்குக் கம்பனின் உவமை எவ்வாறு சுவைக்கும்? ஒரு சிறு சொல் மறையும்போது அதனோடு ஒரு பாட்டின் கதவும் சாத்தப்படுகிறது.

தனி வீட்டில், தனிக் குப்பியில், ஒருவரே காக்கும் மாவுக்குப் பெயரிடும் வேட்கை இதனால்தான் எழுகிறது. பெயர், காப்பதற்குத் தானே இட்டுக்கொண்ட கட்டளை. இதனை நகையாடல் வேண்டா. ஆனால் பெயரைத் தமிழில் தேடலாம் அல்லவா? தேமா, புளிமா என்று யாப்பு கற்ற மாணவன் தன் மாவுக்குப் ‘புளிமா’ என்று பெயரிடட்டும். இலக்கணமும் நினைவிருக்கும், ரொட்டியும் பொங்கும்.

இன்னும் சிறந்த பெயர் ஒன்று பினாங்கில் கிடைக்கிறது. அங்குப் புகழ்பெற்ற ‘ரொட்டி பெங்காலி’ வங்கத்திலிருந்து வந்ததன்று. தமிழ் முஸ்லிம்கள் பங்கு சேர்ந்து நடத்திய தொழிலாகையால், ‘பங்காளி’ என்னும் தமிழ்ச் சொல்லே அவ்வாறு திரிந்தது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. புளித்த மாவுக்கு இதனினும் பொருந்திய பெயர் ஏது? பங்கு கொடுத்தால்தான் அது வாழும். பங்காளிகளுக்குள் பூசல் வருவதுண்டு. மாவும் சில நாள் முரண்டு பிடிக்கும். ஆயினும் உறவு அற்றுப்போவதில்லை.

பெயர் எதுவாயினும் ஆகுக. குப்பியில் பொங்குவதில் ஒரு கரண்டியை எடுத்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்தால், லயத்தில் நின்றுபோன கிண்ணம் மீண்டும் நடக்கத் தொடங்கும்.