தளபதியின் பெயரும் தேர்தல் மேடையும்

ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்தபோதுதான், 1949 ஜனவரி 15 அன்று, கருநாடகத்தின் குடகிலே பிறந்த கரியப்பா படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார். எல்லையின் இருபுறத்தாரும் பெருமை கொள்ளத்தக்க நிகழ்வு அது. அதே கரியப்பா, ஓய்வுபெற்றுப் பல்லாண்டுகளுக்குப் பின், 1971இல் பம்பாயில் மக்களவைத் தேர்தலில் நின்று தோற்றார் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். மக்கள் அவரை வணங்கினர். வாக்கை மட்டும் வேறொருவருக்கு அளித்தனர்.

படைவீரர் ஆள்வது நம் மண்ணுக்குப் புதிதன்று. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரமகால் கும்பினியார் கைக்கு வந்தபோது, நிலவரி வகுக்க அனுப்பப்பட்டவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு. அவர்க்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் படை அதிகாரியே. வாளும் வரிக்கணக்கும் ஒரே கையில் இருந்த காலம் அது. குடியரசு இந்தியா அவ்விரண்டையும் பிரித்தே வைத்தது. பணியிலுள்ள வீரர் அரசியல் கூட்டத்தில் பங்குகொள்ளலாகாதென 1954ஆம் ஆண்டின் இராணுவ விதிகள் தடுக்கின்றன. ஓய்வுபெற்றவர்க்கு அத்தடை இல்லை. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

இங்கு ஜெனரல் குமாரமங்கலத்தை நினையாதிருக்க இயலாது. 1966 முதல் 1969 வரை தரைப்படையின் தலைமைத் தளபதி. கிருஷ்ணகிரியும் ஒசூரும் 1965 வரை அடங்கியிருந்த பழைய சேலம் மாவட்டத்தின் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தவர். தந்தை சுப்பராயன் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாயிருந்தவர். பின் இராஜாஜியின் 1937 அமைச்சரவையிலும் இடம்பெற்றவர். தம்பி மோகன் பொதுவுடைமைக் கட்சியிலிருந்து காங்கிரசுக்கு வந்து, 1971இல் புதுச்சேரியில் வென்று மத்திய அமைச்சரானார். தங்கை பார்வதி கிருஷ்ணன் பொதுவுடைமைக் கட்சியின் மக்களவை உறுப்பினர். ஒரே வீட்டில் இத்தனை கட்சிகள்! உணவு வேளையில் என்ன பேசியிருப்பார்களோ! ஆனால் ஜெனரல் தேர்தலில் நின்றதில்லை. குதிரையேற்றத்தாலும் இயற்கைப் பாதுகாப்பாலும் நினைவுகூரப்படுபவரே அன்றி, கட்சி மேடையால் அல்லர். குன்னூரில் குடியேறிய மானெக்ஷாவும் அவ்வாறே.

பின்னர் காற்று மாறியது. 2012இல் ஓய்வுபெற்ற ஜெனரல் வி.கே. சிங், 2013 செப்டம்பரில் ரேவாரி முன்னாள் படைவீரர் கூட்டத்தில் நரேந்திர மோதியோடு மேடையேறினார். அடுத்த ஆண்டு காசியாபாத்தில் வென்றார். 2019 ஏப்ரலில், படையை அரசியலுக்குப் பயன்படுத்தலாகாதெனக் குடியரசுத் தலைவருக்கு 150க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்களின் பெயரில் ஒரு மடல் வெளியாயிற்று. ஆனால் முன்னாள் தளபதி ரோட்ரிக்ஸ் தாம் அதில் கையொப்பமிடவில்லை என்றார். படையின் பெயரைக் கட்சிகள் இரவல் கொள்வதை எதிர்த்த மடலிலேயே, பெயர்கள் இரவல் கொள்ளப்பட்டனவா என்ற வினா எழுந்துவிட்டது.

அமெரிக்காவில் இது நெடுநாள் வழக்கு. 1992இல் கிளிண்டனை ஆதரித்த அட்மிரல் குரோ பின்னர் இலண்டனில் தூதரானார். 2016இல் ஃபிளின் ஒரு கட்சி மாநாட்டிலும் ஆலன் மறு கட்சி மாநாட்டிலும் முழங்கியபோது, முன்னாள் படைத்தலைவர் டெம்ப்ஸி இருவரையும் வெளிப்படையாகவே கண்டித்தார்.

தேர்தலில் நிற்பதையும் பெயரை வழங்குவதையும் நாம் ஒன்றாகக் கொள்வதற்கில்லை. நிற்பவர் கேள்விக்கு விடைசொல்ல வேண்டும். கரியப்பாவைப் போலத் தோற்கவும் நேரும். பிறர்க்காகப் பேசுபவரது தகுதியோ வாக்குப்பெட்டிக்கு வருவதேயில்லை. அது அவர் தனித்து ஈட்டியதுமன்று. அவர்க்குக் கீழ்ப் பணியாற்றிய சிப்பாய்க்கும் அதில் பங்குண்டு. அச்சிப்பாய் இன்று சிப்காட் ஆலை வாயிலில் காவலராக நிற்கலாம், வேறு கட்சிக்கு வாக்களிப்பவராகவும் இருக்கலாம்.

2013 டிசம்பரில் தேர்தல் ஆணையம், படைவீரர் படங்களைப் பரப்புரையில் பயன்படுத்தலாகாது என்று கட்சிகளுக்கு அறிவுறுத்தியது; 2019 மார்ச்சில் அதனை மீண்டும் நினைவூட்டியது. அவ்வறிவுறுத்தல் படத்தைப் பற்றியது. மேடையில் நேரே வந்து நிற்கும் ஓய்வுபெற்ற ஜெனரலைப் பற்றியதன்று.