பின்னால் எழுதாத படம்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மரக்காணம் போனால் பார்க்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் கார்கள் நிற்கும். கழுத்தில் கேமராவோடு பிள்ளைகள் வரப்பில் நடந்து, உப்பு வாருகிறவர்களைப் படம் எடுப்பார்கள். வெயில் ஏறியதும் டீக்கடைக்கு வந்து பாய்லரையும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களையும் எடுப்பார்கள். "இந்த மாதிரி கடையெல்லாம் இனிமே இருக்காது சார்" என்றான் ஒரு பையன். உண்மைதான். ஆனால் கடைக்காரர் பெயரை அவன் கேட்கவில்லை.

நானும் கேட்காதவன்தான். அதற்கு முன் ஒரு பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எழேன் அட்ஜே (1857-1927) முதலில் நாடக நடிகர். நாற்பது வயதுக்குப் பிறகு, கண்ணாடித் தகடு போடும் கனத்த கேமராவைச் சுமந்துகொண்டு பாரீஸின் பழைய தெருக்களை எடுக்க ஆரம்பித்தார். இடிக்கப்போகும் வீடுகள், தெருமுனைச் சாப்பாட்டுக் கடைகள், தள்ளுவண்டிக்காரர்கள். 1908ல் துர்னெல் கரையில் 63ஆம் எண் கடையை எடுத்தார். கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் ஆள் நிற்பது தெரியும். எண் எனக்கு எப்படித் தெரியும்? அவர் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் வரிசை எண், தெருவின் பெயர். 1920ல் பிரெஞ்சு அரசு அவருடைய 2,621 தகடுகளைப் பத்தாயிரம் பிராங்குக்கு வாங்கியது. ஏக்கத்துக்காக வாங்கவில்லை, ஆவணம் என்றுதான் வாங்கியது.

நம் பக்கத்திலும் அந்த வேலை நடந்திருக்கிறது. புதுச்சேரியில் 1955ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலில் சேர்த்தது. நம்மவர்கள் கல்யாணத்துக்கும் குழந்தைக்கும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். தினம் சாப்பிட்ட கடையைப் படமெடுக்க அநேகமாக யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கு ஒரு முறை தோன்றியது. மரக்காணம் என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். 1974ல் நண்பரின் அக்ஃபா க்ளிக் கேமராவை இரவல் வாங்கிப் போயிருந்தேன். உப்பளத்துப் பாதையில் ஒரு கீற்றுக் கொட்டகை. ஊரே 'ஆயா கடை' என்றுதான் சொல்லும். நாலு மணிக்கே அடுப்பு எரியும். பாத்திக்குப் போகிறவர்களுக்கு இட்லி, திரும்பி வருகிறவர்களுக்குக் கேழ்வரகுக் கூழும் கருவாட்டுக் குழம்பும். ஐப்பசியில் மழை இறங்கினால் உப்பு வேலை கிடையாது. அந்த மாதங்களில் ஆயா கடனுக்குச் சோறு போடுவார். கணக்கெல்லாம் தட்டியில் கரிக்கோடு. இப்போது மழைக்காலத்துக்கு அரசு ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் தருகிறது. அன்றைக்கு அந்த அரசாங்கம் ஆயாதான்.

படத்தில் பெஞ்சில் நாலு பேர் அசையாமல் தெளிவாக இருக்கிறார்கள். ஆயா மட்டும் கலங்கித் தெரிகிறார். கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

போன பொங்கலுக்கு அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் நாலு பேரையும் பெயர் சொன்னார். ஆயாவைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, "ஆயா தம்பி" என்றார். அவ்வளவுதான்.

பெயரும் தேதியும் இல்லாத மனுவைத் திருப்பி அனுப்பியே சர்வீஸ் முழுக்க ஓட்டியவன் நான். என் படத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. இப்போது அந்த நாலு பெயரையும் எழுதிவிட்டேன். ஐந்தாவது வரியில் 'ஆயா' என்று மட்டும் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பழைய படங்களை இன்றைக்கே எடுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே பென்சிலால் பின்னால் எழுதிவிடுங்கள்.