பூனை லுக்கேமியா வைரஸ்

பூனை லுக்கேமியா வைரஸ், பூனைகளைத் தாக்கும் ரெட்ரோவைரஸ் வகையைச் சேர்ந்தது. தன் மரபுப்பொருளைப் பூனையின் செல்களிலுள்ள டி.என்.ஏ.வுடன் இணைத்துவிடுவதால், நிலைபெற்ற தொற்றை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. இரத்தசோகை, நிணநீர்ப் புற்று, நோய் எதிர்ப்பாற்றல் குறைவு ஆகியவை முக்கிய விளைவுகள். மனிதருக்கு இது தொற்றுவதில்லை.

கண்டுபிடிப்பு

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஜாரெட் குழுவினர் 1964இல் இவ்வைரஸைக் கண்டறிந்தனர். ஒரே வீட்டில் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு நிணநீர்ப் புற்று வந்ததே ஆய்வுக்குத் தூண்டுகோல். புற்றை உண்டாக்கும் தொற்றுக் காரணி ஒன்று இருக்கக்கூடும் என்ற ஐயம் அதனால் வலுத்தது.

பரவுதல்

நோயுற்ற பூனையின் எச்சிலிலும் மூக்குச் சளியிலும் வைரஸ் மிகுந்திருக்கும். ஒன்றையொன்று நக்குதல், ஒரே தட்டில் உண்ணுதல், கடித்தல் ஆகியவற்றால் பரவும். தாயிடமிருந்து கருவிலும் பாலிலும் குட்டிகளை அடையும். குட்டிகளுக்கே ஆபத்து அதிகம்; வயது ஏற ஏற எதிர்ப்பாற்றல் கூடும். உடலுக்கு வெளியே வைரஸ் நெடுநேரம் தாங்காது. சோப்பு நீரே அதை அழித்துவிடும்.

தொற்றின் போக்கு

சில பூனைகளின் உடல் வைரஸைத் தொடக்கத்திலேயே ஒழித்துவிடுகிறது. வேறு சிலவற்றில் வைரஸ் இரத்தத்திலிருந்து மறைந்து, மரபுப்பொருள் மட்டும் செல்களில் தங்கும். இவை பொதுவாகப் பிற பூனைகளுக்கு நோயைப் பரப்புவதில்லை. ஆனால் இரத்த தானத்துக்கு ஏற்றவையல்ல. மூன்றாம் வகையில் வைரஸ் ஓயாமல் பெருகும். அத்தகைய பூனைகளில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் இறக்கின்றன.

சோதனை

சில துளி இரத்தத்தில் பி27 என்னும் வைரஸ் புரதத்தைத் தேடும் சோதனையைக் கால்நடை மருத்துவமனையிலேயே சில நிமிடங்களில் செய்யலாம். இது எதிர்ப்பொருளைத் தேடுவதில்லை. ஆகவே தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் முடிவைக் குழப்பாது; தாய்ப்பால் குடிக்கும் குட்டிகளையும் சோதிக்கலாம். தொற்றிய முதல் வாரங்களில் புரதம் தென்படாமல் போகக்கூடும் என்பதால், நோய்த்தொடர்பு ஐயம் இருந்தால் 30 நாள்களுக்குப் பின் மீண்டும் சோதிக்க வேண்டும். தொற்று அரிதாக உள்ள இடங்களில் தவறான நேர்மறை முடிவுகளும் வரும். எனவே நேர்மறை முடிவை பி.சி.ஆர். போன்ற வேறொரு சோதனையால் உறுதிசெய்தல் இன்றியமையாதது. புதிய பூனையை வீட்டுப் பூனைகளுடன் சேர்க்கும் முன்பும், தடுப்பூசி போடும் முன்பும் சோதித்தல் நல்லது.

பராமரிப்பு

தொற்றுள்ள பூனையை வீட்டுக்குள்ளேயே வளர்க்க வேண்டும்; கருத்தடை செய்ய வேண்டும்; பச்சை இறைச்சி தரலாகாது. 6 மாதங்களுக்கு ஒருமுறை எடை, ஈறு, நிணநீர்க் கணுக்கள், இரத்த அணுக்கள் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். பசியின்மை, காய்ச்சல், ஈறு வெளுத்தல் கண்டால் காத்திராமல் மருத்துவரை நாட வேண்டும். தொற்றில்லாத பூனைகளுக்குத் தடுப்பூசி உண்டு. குட்டிகளுக்கு 8 வாரத்திலிருந்து, 3 முதல் 4 வார இடைவெளியில் இரு தவணைகளாகப் போடப்படும். அது முழுப் பாதுகாப்பு அளிக்காது. தொற்றுள்ள பூனையைத் தனித்து வைப்பதற்கு அது மாற்றும் அல்ல.

நல்ல பராமரிப்பில் தொற்றுள்ள பூனைகள் பல ஆண்டுகள் நலமாக வாழ்வதுண்டு. ஆகவே ஒற்றைச் சோதனை முடிவை மட்டும் கொண்டு எந்தப் பூனையையும் கருணைக்கொலை செய்யக் கூடாது.